வெசூவியோத் தோட்டமும் அதன் கற்சுவர்களும்

‘பீப்பாய்’ என்பது நம் நாட்டில் நாள்தோறும் வழங்கும் சொல். எண்ணெய்ப் பீப்பாய், தார்ப் பீப்பாய், தண்ணீர்ப் பீப்பாய் என்று அதனை ஆளாதார் இலர். ஆயினும் அது தமிழுக்கு உரியதன்று. சாவி, ஜன்னல், மேசை, அலமாரி என்பனபோலப் போர்ச்சுகீசியரிடமிருந்து பெற்று, நமது நாவிற்கேற்பச் சிறிது திருத்திக்கொண்ட சொல்லே அதுவும். அவர்கள் மொழியில் அதன் வடிவம் ‘பீப்பா’ என்பதாம். திசைச்சொற்களைத் தொகுக்கும் வகுப்புப் பயிற்சி ஒன்றிற்காக இச்சொல்லைத் தேடிச் சென்ற யான், போர்ச்சுகல் நாட்டில் அது கலத்தின் பெயராக மட்டுமன்றி ஓர் அளவையின் பெயராகவும் நிற்பதைக் கண்டேன். டோரோ என்னும் ஆற்றின் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டம் உடையோர், நம் உழவர் கோட்டை என்றும் மரக்கால் என்றும் நெல்லைக் கணக்கிட்டாற்போல, தம் விளைவை இத்தனை பீப்பா என்றே கணக்கிடுவர். அங்கு ஒரு பீப்பா 550 லிட்டர். சொல்லைத் தொடர்ந்து சென்றவன் முடிவில் அவ்வாற்றங்கரைத் தோட்டம் ஒன்றின் வாயிலில் வந்து நின்றேன். அத்தோட்டத்தின் பெயர் வெசூவியோ.

மேற்செல்லுமுன் ஒன்று கூறவேண்டும். “மது விளையும் தோட்டத்தைப் பற்றிய கட்டுரை நமது மலருக்கு ஏலுமோ?” என்று உடன் பயிலும் நண்பர் ஒருவர் வினவினார். எங்கள் குடும்பத்தில் எவரும் மதுவைத் தொட்டவரல்லர். திருவிருந்தின்போது பெறும் துளியையன்றி யானும் அதனை அறியேன். ஆகவே சுவையையும் மணத்தையும் பற்றி ஒரு சொல்லேனும் எழுத எனக்குத் தகுதியில்லை, எழுதப்போவதும் இல்லை. இக்கட்டுரையின் பொருள் கல்லும் மண்ணும், அவற்றைச் சுமந்த தோள்களுமே என்று நண்பருக்கு விடை கூறினேன். அவர் முழுதும் உடன்பட்டார் என்று சொல்ல இயலாது.

டோரோ ஆறு ஸ்பெயின் நாட்டின் வடபகுதி மலைகளில் தோன்றி, ஏறக்குறைய 900 கிலோமீட்டர் ஓடி, போர்ட்டோ நகரின் அருகில் அட்லாண்டிக் பெருங்கடலிற் கலக்கின்றது. கடற்கரைப் பக்கம் மழை மிகுந்த பசுமையான நாடு. ஆனால் ஆற்றின் வழியே உள்நாட்டிற் செல்லுங்கால் மராவ் என்னும் மலைத்தொடர் குறுக்கிட்டு, கடலிலிருந்து வரும் மழைமேகங்களைத் தடுத்துவிடுகின்றது. அம்மலைக்குக் கிழக்கே நிலம் வறண்டு கிடக்கும். கோடையில் வெயில் கல்லைச் சுடும். குளிர்காலத்தில் பனி எலும்பை நடுக்கும். அந்நாட்டார் தம் ஊரில் ஒன்பது மாதம் குளிர்காலம், எஞ்சிய மூன்று மாதம் நரகம் என்று நகைப்பாகக் கூறுவதுண்டு. ஆற்றின் இருமருங்கும் மலைகள் செங்குத்தாக எழுகின்றன. ஏர் பூட்டி உழத்தக்க சமநிலம் அரிதினும் அரிது.

அம்மலைகளின் கல்லைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். ஏனெனில் எல்லாம் அதில் அடங்கியிருக்கின்றது. அது கருங்கல் அன்று. நாம் சிறுவயதில் எழுதிய சிலேட்டுப் பலகைக்கு உறவான, ஏடு ஏடாய்ப் பிளக்கும் கல். கல்லியலார் அதனை ஷிஸ்ட் என்பர். டோரோ மலைகளில் இவ்வேடுகள் பெரும்பாலும் படுத்த நிலையிலன்றிச் செங்குத்தாகவே நிற்கின்றன. ஒரு சுவடிக்கட்டினை நிமிர்த்து வைத்தாற்போல என்க. அவ்விடுக்குகளின் வழியே மழைநீர் கீழிறங்கித் தங்குகின்றது. திராட்சைக்கொடியின் வேரும் அவ்வழியே பல மீட்டர் ஆழம் இறங்கி, கோடையில் மேற்பரப்பு முழுதும் காய்ந்த காலத்தும் நீரைக் கண்டுகொள்கின்றது. நீர் பாய்ச்சுதல் இன்றியே அத்தீயெரியும் சரிவுகளில் கொடிகள் பிழைத்திருப்பதன் காரணம் இதுவே. மேலும், பகலெல்லாம் வெயிலை உண்ட கல் இரவில் அவ்வெப்பத்தை வெளிவிட்டுக் காய்களைப் பழுக்கச் செய்கின்றது.

ஆனால் கல் இருந்தாற் போதுமா? மண் வேண்டாமோ? அங்குத்தான் வியப்பு. அம்மலைச்சரிவில் மண் என்று சொல்லத்தக்கது மிகச் சிறிதே இருந்தது. ஏசாயா தீர்க்கதரிசியின் திராட்சத்தோட்டப் பாட்டை நம்மில் பலர் அறிவோம். அங்கே தோட்டக்காரன் செழிப்பான மேட்டைத் தெரிந்துகொண்டு, கற்களைப் பொறுக்கி எறிந்துவிட்டு, நற்குலச் செடிகளை நடுகின்றான். டோரோவின் தோட்டக்காரனோ கற்களைப் பொறுக்கி எறிந்தானாயின் அவனுக்கு எஞ்சுவது ஒன்றுமில்லை. அவன் கல்லையே மண்ணாக்கினான். கடப்பாரையும் சம்மட்டியும் கொண்டு, வேண்டிய இடத்து வெடிமருந்தும் இட்டு, மலையின் தோலை ஒரு மீட்டருக்கு மேல் ஆழமாகப் பெயர்த்தான். பெயர்த்தவற்றுள் பெரிய கற்களைச் சரிவின் குறுக்கே சுவராக அடுக்கினான். சிறு கற்களையும் பொடியையும் அச்சுவரின் பின்னே கொட்டி நிரப்பினான். இவ்வாறு ஒரு படி அமைந்தது. அதன்மேல் அடுத்த சுவர், அடுத்த படி. கீழே ஆற்றங்கரை முதல் மேலே மலையுச்சி வரையில் இவ்வண்ணம் படிகள் ஏறின. சுவருக்குச் சுண்ணாம்பும் இல்லை, காரையும் இல்லை. அஃது ஏழ்மையால் நேர்ந்த குறையன்று. காரையிட்ட சுவர் பெருமழையில் நீரைத் தடுத்து நிறுத்தும். நின்ற நீர் சுவரைத் தள்ளிவிடும். வெறுங்கல்லாய் அடுக்கிய சுவரோ நீரை வடியவிட்டு மண்ணை மட்டும் நிறுத்திக்கொள்ளும். இதனைப் படிப்பால் அன்றிப் பழக்கத்தால் அறிந்திருந்தனர் அவர்கள்.

இனி வெசூவியோவின் வரலாற்றிற்கு வருவோம். ஆற்றின் தென்கரையில், டோரோ நாட்டின் மேல்பகுதியில் இத்தோட்டம் அமைந்துள்ளது. முன்னர் இதற்கு ‘கிந்தா தாஸ் பிகெய்ராஸ்’, அதாவது அத்திமரத் தோட்டம், என்று பெயர். (கிந்தா என்பது நிலமும் மனையும் கூடிய பண்ணையைக் குறிக்கும்.) 1823-ஆம் ஆண்டில் அந்தோனியோ பெர்னார்தோ பெர்ரெய்ரா என்னும் வணிகர் இதனை வாங்கினார். பின்னர் அத்திமரம் போய், எரிமலையின் பெயர் வந்தது. நிலப்பரப்பு 300 ஹெக்டேருக்கு மேல். ஆற்றங்கரையில் ஏறக்குறைய 130 மீட்டர் உயரத்தில் தொடங்கும் நிலம், உச்சியில் 500 மீட்டரையும் கடக்கின்றது. ஒரே தோட்டத்தின் அடியில் பழுத்த பழம் உச்சியில் இன்னும் காயாக இருக்கும் என்றால் அதன் ஏற்றத்தை ஒருவாறு உணரலாம்.

பெர்ரெய்ரா வாங்கியபொழுது அது பெரும்பாலும் காடு. அதனைத் தோட்டமாக்க 500 ஆட்கள் 13 ஆண்டுகள் உழைத்தனர் என்பது அத்தோட்டத்தின் வரலாறு கூறும் செய்தி. ஐந்நூறு பேர், பதின்மூன்று ஆண்டு! இவ்விரண்டு எண்களையும் யான் பலமுறை திரும்பத் திரும்பப் படித்தேன். தோட்டத்தை வாங்கியவர் பெயர் தெரிகின்றது. அவர் மகன் பெயர் தெரிகின்றது. மருமகள் பெயர் போர்ச்சுகல் முழுதும் தெரிகின்றது. சுவர் அடுக்கியவருள் ஒருவர் பெயரேனும் எனக்குக் கிட்டவில்லை. டோரோ மலைகளில் இவ்வேலைக்குப் பெரிதும் வந்தவர்கள் ஸ்பெயின் நாட்டின் வடமேற்கு மூலையிலுள்ள கலீசியா மாகாணத்தார். அங்கு நிலம் குறைவு, குடி மிகுதி. ஆடவர் மூட்டையைத் தோளிலிட்டு எல்லை கடந்து நடந்து வந்து, கூலிக்குக் கல்லுடைத்து, சேர்த்த காசுடன் மீண்டனர். மீளாதாரும் உளர். எகிப்தின் கூம்புகளையும் சீனத்தின் நெடுஞ்சுவரையும் வியந்து எழுதுவோர் பலர். இச்சுவர்களையெல்லாம் ஒன்றோடொன்று தொடுத்தால் அவற்றிற்கு இளைத்தவையாகா என்பது என் எண்ணம். ஆனால் இவை பிணத்தை மூடவோ பகைவரைத் தடுக்கவோ எழுந்தவையல்ல. ஒரு பிடி மண் உருண்டோடாமல் நிறுத்த எழுந்தவை.

இவ்வளவு நல்ல நிலம் 1823 வரையில் காடாகக் கிடந்தது எவ்வாறு என்று வாசகர் கேட்கலாம். அதற்கு விடை ஆற்றிலேயே இருந்தது. வெசூவியோவிற்குக் கீழே, வலெய்ரா என்னுமிடத்தில், மலைகள் இருபுறமும் நெருங்கி, ஆற்றின் நடுவே ஒரு பெரும்பாறை கிடந்து, நீரை அருவியாக வீழ்த்திக்கொண்டிருந்தது. அதனைத் தாண்டி ஓடம் போகாது. மலைப்பாதையில் பீப்பாயை உருட்டிச் செல்லுதல் இயலாது. எனவே அதற்கு மேற்கில் மட்டும் திராட்சை வணிகம் தழைத்தது. 1780-ஆம் ஆண்டில் முதலாம் மரியா அரசியின் ஆட்சியில் அப்பாறையை வெடிவைத்துத் தகர்க்கும் வேலை தொடங்கிற்று. 1792-ஆம் ஆண்டில் முடிவுற்றது. இதனைக் குறிக்கும் கல்வெட்டு அம்மலைச்சுவரிற் பொறிக்கப்பட்டது. ஆற்றுவழி திறந்த பின்னரே மேல்நாட்டுக் காடுகளின்மேல் வணிகரின் கண் சென்றது.

மேற்கிலிருந்த பழைய தோட்டங்களின் கதை இதனினும் முந்தியது. ஆங்கில நாட்டார்க்கும் பிரெஞ்சு நாட்டார்க்கும் பகை மூண்ட காலங்களில், பிரெஞ்சு மதுவிற்கு மாற்றாகப் போர்ட்டோத் துறைமுகத்திலிருந்து டோரோ மது இங்கிலாந்திற்குப் போயிற்று. துறைமுகத்தின் பெயரே சரக்கின் பெயராகிப் ‘போர்ட்’ என வழங்கலாயிற்று. வணிகம் பெருகியதும் வஞ்சமும் பெருகிற்று. வேறு ஊர்களின் மட்டமான மதுவைக் கலந்தனர். நிறம் ஏறுவதற்கு எல்டர் என்னும் செடியின் கரும்பழச்சாற்றைச் சேர்த்தனர். பெயர் கெட்டு, விலை வீழ்ந்தது. அந்நாளில் போர்ச்சுகலை ஆண்டு வந்த முதலமைச்சர், பிற்காலத்தில் பொம்பால் பிரபு எனப் பெயர் பெற்றவர், 1756-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 10-ஆம் நாள் ஒரு கம்பெனியை ஏற்படுத்தி, மது விளையும் நிலத்திற்கு எல்லை வகுத்தார். அவ்வெல்லைக்குள் விளைந்ததே ஏற்றுமதிக்கு உரியது. எல்லையைக் காட்ட 335 கருங்கற்கள் நாட்டப்பட்டன. அவற்றுட் பல இன்றும் வயலோரங்களிலும் வீட்டுச் சுவர்களிலும் நிற்கின்றன. எல்டர் செடிகளை வேரோடு பிடுங்குமாறும் கட்டளை பிறந்தது. இவையெல்லாம் நன்றே. ஆனால் அக்கம்பெனியின் தனியுரிமையால் விலையேறக் கண்ட போர்ட்டோ நகரத்து எளிய மக்கள் 1757-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் கலகம் செய்தபொழுது, அவர்களிற் பலரைப் பொம்பால் தூக்கிலிடுவித்தார். நற்சரக்கைக் காத்த அதே கை செய்த வேலை இது. வரலாற்று நூல்களில் முன்னதற்கு ஒரு பக்கமும் பின்னதற்கு ஒரு வரியும் கொடுப்பது முறையன்று என்பேன்.

வெசூவியோவிற்கு மீள்வோம். தோட்டத்தை உண்டாக்கிய பெர்ரெய்ராவின் மகனை மணந்தவர் அவர் குடும்பத்திலேயே பிறந்த அந்தோனியா அதெலைத் பெர்ரெய்ரா என்னும் அம்மையார். 1811-ஆம் ஆண்டிற் பிறந்தவர். முப்பத்துமூன்று வயதளவில் கைம்பெண்ணாகி, இரு குழந்தைகளுடன் பெருங்குடும்பத்தின் பொறுப்பையும் ஏற்றார். அன்று முதல் 1896-ஆம் ஆண்டில் காலமாகும் வரையில் டோரோ நாட்டில் அவரினும் பெரிய நிலவுரிமையாளர் இலர். இருபதிற்கு மேற்பட்ட தோட்டங்கள் அவருடையனவாயிருந்தன. மக்கள் அவரை அன்போடு ‘பெர்ரெய்ரின்யா’, அதாவது சின்னப் பெர்ரெய்ரா, என்று அழைத்தனர். நாட்டின் அதிகாரம் முழுதும் கையிலிருந்த சல்தான்யா பிரபு, தம் மகனுக்கு அம்மையாரின் சிறுமகளை மணம் முடிக்க விரும்பி வற்புறுத்தினார். பெண்ணுக்கு அப்பொழுது பன்னிரண்டு வயதளவே. அம்மையார் மகளை அழைத்துக்கொண்டு ஒருவருமறியாமல் நாட்டைவிட்டு வெளியேறி, இலண்டன் சேர்ந்தார். பெருஞ்செல்வமும் ஆட்களும் உடையவர், ஒரு சிறு பெண்ணின் பொருட்டு எல்லாவற்றையும் விட்டு ஓடினார் என்பது அவர் தோட்டக் கணக்குகளைக் காட்டிலும் எனக்கு அவரை நன்கு காட்டுகின்றது.

அறுவடை செப்டம்பர் மாதத்தில் வரும். மலைக்கு அப்பாலுள்ள சிற்றூர்களிலிருந்து ஆணும் பெண்ணுமாய்க் கூட்டங் கூட்டமாக மக்கள் கால்நடையாக வருவர். ஒவ்வொரு கூட்டத்திற்கும் ‘ரோகா’ என்று பெயர். அதனைத் திரட்டிக்கொண்டு வரும் தலைவன் ஒருவன் உண்டு. நம் நாட்டுக் கங்காணியை ஒப்பான் என்னலாம். முரசும் துருத்தி வாத்தியமும் முழங்க வந்து இறங்குவர். பெண்கள் குலைகளைக் கொய்வர். ஆடவர் அவற்றை உயர்ந்த கூடைகளில் நிரப்பி, நெற்றியில் வார் கட்டி முதுகிற் சுமந்து, ஒருவர் பின் ஒருவராகச் சங்கிலிபோல் படிகளில் இறங்குவர். கூடை ஒன்று ஓர் ஆளின் எடையளவிற்கு வந்துவிடும். கால் இடறினால் விழுவது ஒரு படியோடு நில்லாது. இன்று பெரும்பாலும் சிறிய பெட்டிகளும் டிராக்டர் வண்டிகளும் வந்து அச்சுமையைக் குறைத்துவிட்டன. ஆயினும் கொய்யும் வேலை அச்சரிவுகளில் இன்னும் கையாலேயே நடைபெறுகின்றது.

கொய்த பழம் ஆலைக்குச் செல்லும். 1827-ஆம் ஆண்டில் கட்டப்பட்ட வெசூவியோவின் ஆலையில் எட்டுக் கருங்கல் தொட்டிகள் வரிசையாக அமைந்துள்ளன. ஒவ்வொன்றும் 25 பீப்பா கொள்ளும். எட்டும் நிறைந்தால் 200 பீப்பா. அதாவது 1,10,000 லிட்டர். மாலையில் மிதிப்பு தொடங்கும். பகலெல்லாம் மலையில் உழைத்தவரே இரவில் தொட்டியினுள் இறங்குவர். தொடையளவு ஆழத்தில், ஒருவர் தோள்மேல் ஒருவர் கையைப் போட்டு வரிசையாக நின்று, தலைவன் ‘ஒன்று, இரண்டு’ என்று எண்ணும் தாளத்திற்கு இம்மியும் பிறழாமல் இரண்டு மணிநேரம் மெல்ல மெல்ல முன்னேறுவர். பேச்சில்லை, பாட்டில்லை. பின்பு தலைவன் ‘விடுதலை’ என்று கூவுவான். உடனே வாத்தியம் தொடங்கும். அத்தொட்டியினுள்ளேயே ஆடிப் பாடி மிதிப்பர். மனிதனின் அடி தோலை நசுக்கும், விதையை நசுக்காது. விதை நசுங்கினால் கசப்பு இறங்கிவிடும். இதற்கு நிகராகப் பொறிகள் பலவற்றை அமைத்துப் பார்த்துள்ளனர். வெசூவியோவிலோ இன்றும் காலால் மிதித்தலே நடைபெறுகின்றது.

சாறு இரண்டொரு நாளில் நுரைத்துப் புளிக்கத் தொடங்கும். அதன் இனிப்பிற் பாதி மதுவாக மாறிய அளவில், நிறமற்ற கடுஞ்சாராயத்தைச் சேர்த்து அம்மாற்றத்தை நிறுத்திவிடுவர். 435 லிட்டர் சாற்றிற்கு 115 லிட்டர் சாராயம். கூடினால் 550, நமது பழைய பீப்பா. எஞ்சிய இனிப்பு அப்படியே நின்றுவிடும். போர்ட் மதுவின் தனித்தன்மை இதுவே. ஆயினும் இதனைக் கடுமையாக எதிர்த்த ஒருவர் இருந்தார். ஜோசப் ஜேம்ஸ் பாரெஸ்டர் என்னும் ஆங்கிலேயர், 1809-ஆம் ஆண்டிற் பிறந்தவர். போர்ட்டோவில் வணிகம் செய்தவர். டோரோ ஆற்றை அளந்து 1848-ஆம் ஆண்டில் ஒரு பெரிய படத்தை வெளியிட்டவர். 1844-ஆம் ஆண்டில் ஒரு சிறு நூல் எழுதி, சாராயமும் சருக்கரையும் எல்டர் சாறும் கலப்பதனால் நல்ல மது கெடுகின்றது என்று தம் தோழரான வணிகரையே குற்றஞ்சாட்டினார். வணிகர் சீறினர். எல்டர் சாற்றைப் பற்றி அவர் கூறியது உண்மை என்பதை இன்று மறுப்பார் இலர். சாராயத்தைப் பற்றிய வழக்கில் அவர் தோற்றார். அன்று அவர் பழித்த முறையே இன்று போர்ட் மதுவிற்கு இலக்கணமாயிற்று. நேர்மையுள்ள ஒருவர் பாதி சரியாகவும் பாதி தவறாகவும் இருத்தல் கூடும் போலும்.

1861-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் நாள் பாரெஸ்டரும் அந்தோனியா அம்மையாரும் வேறு சிலரும் ஒரே ஓடத்தில் ஆற்றின் வழியே இறங்கிவந்தனர். வலெய்ராவில், பாறை தகர்க்கப்பட்ட அதே நெருக்கத்தில், பெருகியோடிய நீர் ஓடத்தைக் கவிழ்த்தது. அம்மையாரை அவர் உடுத்திருந்த அகன்ற பாவாடை மிதக்கச் செய்து காத்தது என்பர். பாரெஸ்டரை அவர் இடையிற் கட்டியிருந்த பணப்பை ஆழ்த்தியது என்பர். அவர் உடல் கிடைக்கவில்லை. ஆற்றின் ஒவ்வொரு வளைவையும் சுழியையும் தம் கையால் வரைந்தவரை அவ்வாறே கொண்டுபோயிற்று.

அக்காலத்தில் மதுவை இறக்கியதும் இவ்வாற்றின் வழியாகவே. இளவேனிலில் பீப்பாய்களை ‘ரபேலோ’ என்னும் ஓடங்களில் ஏற்றுவர். அடி தட்டையான ஓடம்; பின்புறம் ஒரு மேடை; மேடைமேல் நின்று மிக நீண்ட துடுப்பு ஒன்றால் அதனைத் திருப்புவர். பல பத்துப் பீப்பாய்களைச் சுமந்து, சுழிகளினூடே பாய்ந்து, போர்ட்டோவிற்கு எதிர்க்கரையிலுள்ள கிடங்குகளை அடையும். திரும்புகையில் சதுரப்பாய் விரித்தும், காற்று இல்லாதவிடத்துக் கரையிலிருந்து மாடுகளால் இழுத்தும் மேலேற்றுவர். 1887-ஆம் ஆண்டில் ஆற்றோரமாக இருப்புப்பாதை இவ்வெல்லைக்கு வந்தது. வெசூவியோ என்ற பெயராலேயே ஒரு நிலையமும் ஏற்பட்டது. ஓடத்தொழில் சிறிது சிறிதாகக் குன்றி, 1960-களில் மறைந்தது. பின்னர் 1970-களிலும் 80-களிலும் போர்ச்சுகல் எல்லைக்குள் ஐந்து அணைகள் எழுந்தன. வலெய்ராவிலும் ஓர் அணை நிற்கின்றது. பாரெஸ்டரை விழுங்கிய நீர் இன்று ஏரிபோல் அசைவற்றிருக்கின்றது.

எல்லாவற்றினும் பெரிய அழிவு ஆற்றினாலன்று, கண்ணுக்கும் அரிதாய்த் தோன்றும் ஒரு பூச்சியினால் வந்தது. பில்லாக்சிரா என்பது அதன் பெயர். அமெரிக்காவிலிருந்து செடிகளோடு ஐரோப்பாவிற்கு வந்தது. கொடியின் வேரைப் பற்றி உறிஞ்சும், கொடி பட்டுப்போகும். 1860-களில் டோரோவில் நுழைந்து, அடுத்த இருபது ஆண்டுகளில் மலைமலையாகத் தோட்டங்களைக் கரித்துவிட்டது. தோண்டி மருந்திட்டும் பார்த்தனர். பயன் சிறிது, செலவு பெரிது. இறுதியிற் கண்ட வழி, பூச்சியைத் தாங்கவல்ல அமெரிக்க வேரின்மேல் ஐரோப்பியக் கொடியை ஒட்டுதல். நோய் வந்த நாட்டிலிருந்தே மருந்தும் வந்தது. இன்று டோரோவின் கொடிகள் ஏறக்குறைய அனைத்தும் அயல்நாட்டு வேரில் நிற்பவையே. சிறிய தோட்டக்காரர் பலர் அதற்குள் நிலத்தை விட்டுப் போய்விட்டனர். அந்தோனியா அம்மையாரோ அவ்விருண்ட நாளிலேயே, 1877-ஆம் ஆண்டில், ஆற்றின் மேல்பகுதியில் வாலே தோ மெயாவ் என்னும் கரம்பு நிலத்தை வாங்கிப் புதுத் தோட்டம் உண்டாக்கத் தொடங்கினார். பலருக்கு வேலை கொடுத்தார் என்று அவரைப் புகழ்வர். புகழத்தக்கதே. விலை வீழ்ந்த காலத்தில் வாங்குவதற்குக் கையில் பணம் உடையவர் அவர் என்பதும் மறக்கற்பாலதன்று.

அவர் மறைந்தபின் பல தலைமுறை வெசூவியோ அவர் வழியினரிடமே இருந்து, 1989-ஆம் ஆண்டில் சைமிங்டன் குடும்பத்தாரின் கைக்கு மாறியது. 2001-ஆம் ஆண்டில் மேல் டோரோ நாட்டின் 24,600 ஹெக்டேர் நிலத்தை ஐக்கிய நாடுகளின் கல்வி அறிவியல் பண்பாட்டு நிறுவனம் உலக மரபுச் சொத்தாக ஏற்றது. அரண்மனைக்கும் கோயிலுக்கும் உரிய அச்சிறப்பு, கூலியாட்கள் அடுக்கிய கற்சுவர்களுக்கு அன்று கிடைத்தது. ஆனால் சுவர் அடுக்கும் கை இன்று குறைந்துவிட்டது. 1970-கள் முதல் பல மலைகளில் பெரும்பொறிகள் சுவரில்லாத மண்வரம்புப் படிகளை வெட்டியிருக்கின்றன. வண்டி செல்லும், கூலி குறையும். மழையில் ஒரு பழஞ்சுவர் சரிந்தால் அதனை எடுத்துக் கட்டுதற்கு ஆகும் செலவு, அப்படியின் கொடிகள் பல ஆண்டு தரும் வருவாயினும் மிகும்.

பூச்சியால் அழிந்து மீண்டும் நடப்படாது விடப்பட்ட படிகளை அந்நாட்டார் ‘மொர்த்தோரியோ’ என்பர். இறப்போடு தொடர்புடைய சொல் அது. மலைச்சரிவுகளில் இன்றும் அவற்றைக் காணலாம். ஒலிவ மரமும் முட்புதரும் அவற்றின்மேல் மண்டிக் கிடக்கின்றன. உற்று நோக்கினால் அச்சுவர்களில் வரிசை வரிசையாகச் சதுரத் துளைகள் தெரியும். படியின் ஒரு சாண் மண்ணையும் வீணாக்காது, மேலே தானியம் விதைப்பதற்கு இடம் விட்டு, கொடியைச் சுவரின் துளையிலேயே நட்டனர் அப்பழைய மக்கள். கொடி துளையினின்று வெளியே வளைந்து காய்க்கும். வேர் சுவரின் பின்னுள்ள மண்ணில் இறங்கும். சுவர் நிற்கின்றது; துளைகளில் பல்லிகள் குடியிருக்கின்றன.